சீமாட்டியின் நடை

மயக்க ஊசி ஏறியதும் சீமாட்டியின் நாக்கு வாயோரமாக வெளியே சரிந்தது.

தொட்டில்போல் பள்ளமான பலகையில் அந்த நாயை மல்லாத்திக் கிடத்தினார்கள். முன்கால்களை மாமா பிடித்துக்கொண்டார். பின்கால்கள் இரண்டையும் நீட்டி, இணையாக்கி, முழங்கால்களை உள்ளே திருப்பிப் பட்டையால் கட்டினான் எக்ஸ்ரே எடுப்பவன். இடுப்பு இம்மியளவு சாய்ந்தாலும் படம் செல்லாது.

மாமா அவனுடைய அக்காளின் கணவர். அந்தக் காவல்நாய்ப் பயிற்சி நிலையத்தில் மூத்த பயிற்றுநர். சீமாட்டியைக் கண் திறக்காத குட்டியாக மடியில் வாங்கி, வளர்த்து, பழக்கியவர்.

சில மாதங்களாக அவர் இடக்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார். அந்தி சாய்ந்தால் அக்காள் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பாள், தேய்க்கும்போதே ஏசுவாள். அந்த மகாராணியின் பின்னாலேயே ஓடித்தான் உங்கள் கால் போயிற்று என்பாள்.

எக்ஸ்ரே அறை மைத்துனனின் பொறுப்பில் இருந்தும், அந்த முழங்காலை அவர் ஒருநாளும் அவனிடம் காட்டியதில்லை.

"மாமா, இவ எழுந்ததும் நீங்க ஏறிப் படுங்க. உங்களுக்கும் ஒண்ணு எடுத்துடலாம்."

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு மாப்ள. அவ கால ரொம்ப இழுக்காத."

அவன் பொத்தானை அழுத்தினான். படம் கோணலாக வந்தது. முன்கால்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

மறுபடி எடுத்தான். மறுபடியும் கோணல்.

எத்தனையோ நாய்களை இதே பலகையில் அசையாமல் பிடித்தவர் மாமா. கனத்த ஈய அங்கிக்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

இந்தப் படமே வேண்டாம் என்று அவர் பலநாள் குதித்திருந்தார். சீமாட்டிக்குக் குட்டியே வேண்டாம் என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுக்க மனம் வராத தகப்பன் என்று மேலாளர் சிரித்தார், அலுவலகமே சிரித்தது. மைத்துனனும் சேர்ந்து சிரித்தான்.

நிலையத்தின் விதி எளியது. வேலை செய்யும் நாய் நன்றாக நடந்தால் போதும். அதன் எலும்பைப் பற்றி எவரும் கேட்பதில்லை. குட்டி ஈனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாய்க்கு மட்டுமே இடுப்புப் படம். படத்தில் குறை தெரிந்தால், பிறகு குட்டியும் இல்லை, வேலையும் இல்லை. கேட்பவர் கையில் கொடுத்துவிடுவார்கள். கேட்பாரில்லாத நாய்கள் என்னவாயின என்று ஊழியர்கள் தமக்குள்கூடப் பேசிக்கொள்வதில்லை. ஊழியர் குடியிருப்பில் நாய் வளர்ப்பதற்கும் தடை.

உறங்காமல் வாசல் காத்த ஒரு பிராணிக்கு நிலையம் வகுத்திருந்த ஓய்வூதியம் அது.

சீமாட்டியைத் தேர்ந்தெடுத்ததில் யாருக்கும் ஐயம் எழவில்லை. நடைத்தேர்வில் அது மாமாவின் இடப்பக்கமாகச் சற்றே அசைந்து அசைந்து நடந்தபோது, நிலையத்தின் கால்நடை மருத்துவரம்மாளே தீர்ப்புச் சொன்னார். நாயிடம் குறையில்லை, பிடித்து நடப்பவர்தாம் நொண்டுகிறார், பாவம், அவருடைய காலுக்கு ஈடுகொடுத்து அது நடக்கிறது.

அந்த அம்மாள்தாம் இப்போது கையுறையை மாட்டிக்கொண்டு அருகில் வந்தார்.

"நகருங்க. உங்களுக்குக் கால் வலிக்குது போல. நான் பிடிச்சுக்கறேன்."

மாமா நகர்ந்தார். சுவரோரமாக நின்று, படம் விழப்போகும் திரையைப் பார்க்காமல், சீமாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இம்முறை படம் நேராக வந்தது.

கிண்ணத்துக்குள் பந்துபோல் பொருந்தியிருக்க வேண்டிய தொடையெலும்பின் தலை, விளிம்பைத் தொற்றிக்கொண்டு நின்றது. கிண்ணமோ தட்டைப்போல் ஆழமற்றுக் கிடந்தது. வலப்பக்கம் மோசம். இடப்பக்கம் அதைவிட மோசம்.

மருத்துவரம்மாள் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, மயங்கிக் கிடந்த நாயிடமே கேட்டார்.

"இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு இத்தனை நாள் எப்படிம்மா நடந்த?"



விலக்கப்பட்ட நாயின் கழுத்துப்பட்டையைக் கழற்றி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியவர் பயிற்றுநர். மாமா கழற்றினார். பட்டை அழுந்தியிருந்த இடத்தில் முடி படிந்து கிடந்தது; அதை விரலால் நிமிர்த்திவிட்டார். ஈய அங்கியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியேறினார்.

நீண்ட நடைவழி. இருமருங்கும் கூண்டுகள். கடைசியில், அலுவலக வாசலில், மேலாளரும் மற்றவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

எக்ஸ்ரே எடுப்பவன் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தான்.

மாமா நடந்து போய்க்கொண்டிருந்தார். இரண்டு கால்களையும் ஒரே சீராக ஊன்றி, அணிவகுப்பில் நடப்பவரைப்போல் நிமிர்ந்து, எல்லாரும் பார்க்க நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"மாமா... காலு?"

அவர் திரும்பவில்லை.

"இனிமே அது எதுக்குடா?"

வெயில் தாழ்ந்துவிட்டது. வீட்டில் அக்காள் இந்நேரம் எண்ணெயை அடுப்பில் ஏற்றியிருப்பாள்.