மெஷினின் ஜாதகம்

செங்கம் ரோட்டில் லாட்ஜ் நடத்தும் ரேணுகாம்பாளின் வாஷிங் மெஷின், வாரண்டி முடியும் முன்னே நேற்று படுத்துவிட்டது. பார்க்க வந்த கம்பெனி என்ஜினியர் அருள்ராஜ், அவள் கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

"மேடம், இது புது மாடல். பொறந்ததுலேர்ந்து காயலான் கடைக்குப் போற வரைக்கும் இதோட ஜாதகத்தையே உள்ள இருக்கிற சிப்பு எழுதி வச்சிடும். லாட்ஜ் பெட்ஷீட்டெல்லாம் இதுலதானே போட்டீங்க? வியாபாரத்துக்கு ஓட்டினா வாரண்டி கிடையாது, உண்மையைச் சொல்லிடுங்க."

"அண்ணாமலையார் மேல சத்தியமா ஒரு கர்சீப்கூடப் போடலைங்க!"

இந்த மாதிரி சத்தியங்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் அவன். சிரித்துக்கொண்டே வயரைச் சொருகினான். சிரிப்பு நின்றது.

"சோப்பு போடலை... துணியும் போடலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மட்டும் நாள் பூரா ஓடியிருக்கு!"

"பாத்தீங்களா? சாமி மேல பொய் சத்தியம் பண்ணுவேனா?"

"அப்ப உள்ள என்னதாங்க போட்டீங்க?"

"கிரிவலம் வர்ற அத்தனை பேருக்கும் கையாலயா கடைய முடியும்?" என்ற ரேணுகாம்பாள், சொம்பில் மீந்திருந்த நேற்றைய மோரையும் அவன் டம்ளரில் ஊற்றினாள்.