பிடிக்க வேண்டிய நட்சத்திரம்

தாலி ஏறிவிட்டது. அட்சதை ஒன்று இமையில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

அவளுக்குக் கை பரபரத்தது.

போன் செண்பகம் அத்தையிடம். விடியும்போதே பிடுங்கிக்கொண்டாள். "ஏட்டி, மணவறையில போன் எதுக்கு? மாப்பிள்ளை ஓடிருவாருன்னு பயமா?"

மாப்பிள்ளை எங்கேயும் ஓட மாட்டார். ஓடப்போவது வேறு.

பூமிக்கு வெளியே, நிலவுக்கும் அப்பால், ஒரு தொலைநோக்கி இந்நேரம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அவள் கேட்ட திசைக்கு. அங்கே ஒரு நெபுலா. தூசியும் வாயுவுமாகப் பெரிய புகைமூட்டம். அதற்குள் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்பது அவள் கணக்கு.

பார்த்தால்தான் கணக்கு நிற்கும்.

பார்ப்பதற்கு முன்னால் ஒன்று நடக்க வேண்டும். ஓரத்தில் இருக்கிற ஒரு சின்ன நட்சத்திரத்தைத் தொலைநோக்கி பிடித்துக்கொள்ள வேண்டும். ஆடாமல் நிற்க அதுதான் பிடிமானம். பிடித்தால் படம். பிடிக்காவிட்டால் யாருக்காகவும் நிற்காது. அடுத்தவர் கேட்ட திசைக்குப் போய்விடும்.

போன வருஷம் அப்படித்தான் போனது. ஒன்று என்று நம்பிய நட்சத்திரம் இரண்டாக இருந்தது. எதைப் பிடிப்பதென்று தெரியாமல் திணறி, கடைசியில் விட்டுவிட்டது. அத்தனை வருஷ உழைப்பு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மறுவாய்ப்பு இது. இன்னொன்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதுவும் இன்றைக்கு. இந்த முகூர்த்தத்துக்கே.

கல்யாணத்துக்கு நாள் குறித்தது தென்காசி ஜோசியர். தொலைநோக்கிக்கு நாள் குறித்தது எங்கோ ஒரு கம்ப்யூட்டர். இரண்டில் ஒன்றுகூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிடித்ததா இல்லையா என்று அவளோடு வேலை பார்க்கும் லீனா செய்தி அனுப்புவாள். வந்துகூட இருக்கும். அத்தையின் கைப்பைக்குள், வெற்றிலைக்கும் சீப்புக்கும் நடுவில்.

பக்கத்தில் குமரகுரு. செங்கோட்டையில் மர மில் வைத்திருக்கிறான். பேச்சு என்றால் கூலி கேட்பான்.

பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் அவனைத்தான் கேட்டார்கள். பிடிச்சிருக்கா?

அம்மாவுக்குப் பிடிச்சாச் சரி என்றான். மகராசன்!

அவளுக்கு உச்சி மண்டைவரை எரிந்தது. இருந்தும் சம்மதித்தாள். நெபுலா என்று சொன்னபோது சிரிக்காத ஒரே ஆள் அவன்தான்.

போன வாரம் அவனுக்குப் போனில் எல்லாம் விளக்கினாள். தொலைநோக்கி, பிடிக்க வேண்டிய நட்சத்திரம், லீனா, கடைசி வாய்ப்பு. முழுக்கக் கேட்டுவிட்டு 'ம்' என்றான்.

அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்?

நேற்று அம்மாவோடு வேறு சண்டை. அம்மி மிதித்ததும் அருந்ததி காட்டுவார்களாம். தெரியுது என்று சொல்ல வேண்டுமாம். பட்டப்பகலில், மண்டபத்துக் கூரைக்குக் கீழே அருந்ததியா? பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன் என்றாள். அவள் தொழிலில் அது பாவம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

"அம்மிக்கு வாங்கோ," என்றார் ஐயர்.

எழுந்தார்கள். அவள் முந்தானையையும் அவன் துண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவன் நின்றால் அவளும் நிற்க வேண்டும்.

அவன் நின்றான். அத்தைக்கு முன்னால் கையை நீட்டினான். வாயைத் திறக்காமல் காதில் கை வைத்து, போன் என்று ஜாடை காட்டினான்.

அவளிடம் அத்தனை வீறாப்பு காட்டிய அத்தை குழைந்துபோனாள். இந்தாங்க மாப்பிள்ளை!

வாங்கி வேட்டி மடியில் செருகிக்கொண்டான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

போனை அணைத்திருப்பான். நிச்சயம் அணைத்திருப்பான். இவனும் அத்தை கட்சிதான்.

அம்மிக்கு முன்னால் அவன் குந்தினான். அவள் வலது காலைத் தூக்கிக் கல்லின்மேல் வைத்தான். மெட்டியை விரலில் ஏற்றினான். மேளக்காரர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள்.

அவன் இடுப்பில் ஏதோ அதிர்ந்தது.

அவளால் குனிய முடியவில்லை. கழுத்தில் அவ்வளவு மாலை. தெரிந்ததெல்லாம் அவன் உச்சந்தலை மட்டும். அதில் நாலைந்து மஞ்சள் அரிசி.

ஒரு கை அவள் காலைப் பிடித்திருந்தது. மறு கை மடிக்குப் போனது.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். அடப் பாவமே, மாப்பிள்ளையுமா என்று அத்தை வாயில் கை வைத்தாள்.

அவன் படித்தான். மெதுவாகத்தான் படித்தான். இங்கிலீஷ்.

அவள் கால் நடுங்கியது. அவன் கையில்தான் இருந்தது கால். அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

அவன் தலை நிமிர்ந்தான்.

"பிடிச்சிருக்கு."

முன்வரிசைப் பெண்கள் மொத்தப் பேரும் சிரித்தார்கள். இப்பமாவது வாயைத் திறந்தாரே! மெட்டியவா மாப்பிள்ளே, பொண்ணையவா? யாரோ கை தட்டினார்கள். மேளக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

அவனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

போனைத் தரையில், மாலையைத் தாண்டி அவளுக்குத் தெரிகிற மாதிரி, சற்றுத் தள்ளித் திருப்பி வைத்தான். லீனாவின் பெயர். அதற்குக் கீழே ஒற்றை வரி. கண்ணில் நீர் வந்து எழுத்து கலங்கியது. படிக்கத் தேவையிருக்கவில்லை.

போனை விட்ட கையும் இப்போது அவள் காலில்தான் இருந்தது. மெட்டி ஏறி எவ்வளவோ நேரமாகிவிட்டது. அவன் இன்னும் விடவில்லை.

"தெரியுது," என்றாள்.

ஐயர் இன்னும் அருந்ததியைக் காட்டவே இல்லை.