கறுப்புப் பயறு

தெல்ஃபீனோவை வேலையை விட்டுத் தூக்கிவிடுவது என்று தோன்யா ஒதிலியா காலையிலேயே முடிவு செய்துவிட்டார்.

ஆறரை மணி பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று சாவியை ஆபீஸ் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஷேலா நகர பஸ் நிலையத்தில் நாற்பது பயணிகள் மூட்டை முடிச்சோடு நின்று கத்தியிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷ டிரைவர் என்றால் தலையில் கொம்பு முளைத்துவிடுமா?

முதலாளியம்மா அவர்தான்; 'தோன்யா' என்று எல்லாரும் கூப்பிடுவதும் அந்த மரியாதையில்தான். ஆனாலும் உடனே அறிவிக்க முடியாது. திங்கட்கிழமைக் கூட்டம் பாக்கி இருந்தது. கூட்டத்தில் பயறு எடுக்க வேண்டும்.

அது ஒதிலியாவே கொண்டுவந்த ஏற்பாடு. போன வருஷம் அவர் சொன்னார் என்பதற்காக மூன்று பழைய பஸ்களை வாங்கினார்கள். மூன்றும் மலை ஏறவில்லை. "எங்களுக்கு அப்பவே தெரியும் தோன்யா" என்று ஆபீசில் இருந்த ஆறு பேரும் பிறகு சொன்னபோது அவருக்கு வயிறு எரிந்தது.

"அப்பவே சொல்றதுக்கு வாயில என்ன பூட்டா போட்டிருந்தது?"

குவாத்தமாலா நகரத்தில் ஒரு பயிற்சிக்குப் போனவர், ஒரு துணிப்பையோடு திரும்பினார். பைக்குள் வெள்ளைப் பயறு ஐந்து. தினமும் சோள ரொட்டியோடு தின்கிற கறுப்புப் பயறு ஒன்று. ஆளுக்கு ஒன்றைப் பார்க்காமல் எடுத்துக் கைக்குள் மூடிக்கொள்ள வேண்டும். கறுப்பு வந்தவர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு முதலாளியின் முடிவை எதிர்த்துப் பேசியே தீர வேண்டும். பேசியவர்மேல் முதலாளி கோபப்படக் கூடாது. பேசுவது அவர் இல்லையே, பயறுதானே.

இரண்டு மாதமாக நன்றாகத்தான் நடந்தது. "என் ஆபீஸ்ல என்னைப் பார்த்து யாருக்கும் பயம் கிடையாது" என்று பஸ் முதலாளிகள் சங்கத்தில் ஒதிலியா பெருமை அடித்துக்கொண்டார். வந்து ஒரு உரையாற்றுங்கள் என்று அவர்களும் கூப்பிட்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டு டப்பாக்களைக்கூட மூடாமல் ஆறு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பை ஒரு சுற்று வந்தது.

"தெல்ஃபீனோவை இன்னையோட நிறுத்தறேன். கறுப்பு யார்கிட்ட?"

யாரும் அசையவில்லை. பட்டறைப் பொறுப்பாளர் எவரார்தோ, ஒதிலியாவின் தங்கை கணவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கர் மூக்கைச் சொறிந்தார்.

"பயறு பறந்தா போச்சு?" என்றார் ஒதிலியா.

அப்போதுதான் டிக்கெட் கவுண்டர் எல்விரா தன் டப்பாவுக்குப் பின்னாலிருந்து கையை நகர்த்தி, ஒரு கறுப்புப் பயறை மேஜைமேல் வைத்தாள். வைத்தவள் விரலை எடுக்கவில்லை. அது ஓடிவிடும் என்பதுபோல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒதிலியாவுக்குச் சிரிப்பு வந்தது. நாலு வருஷத்தில் 'சரிங்க தோன்யா'வைத் தவிர இவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்ததில்லை. இரண்டு நிமிஷத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

"தெல்ஃபீனோ பஸ்ஸை எடுக்காதது சரிதான்," என்றாள் எல்விரா.

"எப்படி?"

"பிரேக் ஆயில் ஒழுகுது. ரிப்பேர் நோட்டு என் கவுண்டர்லதான் இருக்கு. மூணு தடவை எழுதி வச்சிருக்காரு. மூணுக்கும் கீழ 'பார்த்தாச்சு'ன்னு பட்டறைக் கையெழுத்து இருக்கு. ஆனா பார்க்கலை."

எவரார்தோவின் காது சிவந்தது.

"ரேயுவுக்கு மலை இறங்கற பஸ் அது. காலையில மழை வேற. நாற்பது பேர் கத்தினாங்கன்னு சொல்றீங்க. கத்தறதுக்கு உயிரோட இருந்தாங்களே தோன்யா."

ஒதிலியாவுக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. ஆனால் ஒரு பயறின்மேல் எப்படிக் கோபப்படுவது? நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். எல்விரா எழுந்து ஓடினாள். அவள் சொன்னபடியே இருந்தது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு கீழே போய்ப் பார்த்தார். பஸ்ஸுக்கு அடியில் எண்ணெய் தேங்கிக் கிடந்தது.

நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரச் சொல்லித் தெல்ஃபீனோவுக்கு அவரே போன் செய்தார். எவரார்தோவை மட்டும் தனியாக இருக்கச் சொன்னார்.

"இதுக்குத்தான் இந்த ஏற்பாடு," என்று மற்றவர்களிடம் பூரிப்போடு சொன்னார். "பாருங்க, எல்விராகூடப் பேசறா."

எல்லாரும் கையில் இருந்ததைப் பைக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். எவரார்தோவுக்குக் கொடுக்க வேண்டிய திட்டைக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் ஒதிலியா கவனித்தார். எல்விரா வைத்த கறுப்பு இன்னும் மேஜைமேலேயே கிடந்தது. பையில் போடலாம் என்று எடுத்தார்.

விரலுக்கிடையில் அது நசுங்கியது.

முகர்ந்து பார்த்தார். பூண்டு வாசம். வெந்த பயறு.

பையைக் கவிழ்த்துக் கொட்டினார். வெள்ளை ஐந்து. கறுப்பு ஒன்று.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிஜமான கறுப்பு வேறு யாருக்கோ வந்திருக்கிறது. அந்த ஆள் கூட்டம் முடிகிறவரை கையைத் திறக்கவே இல்லை. யார் என்று விசாரிக்கலாம். விசாரித்தால் எல்லாரும் 'நான் இல்லை' என்பார்கள். ஒதிலியாவுக்கு வெட்கமாக இருந்தது. சங்கத்துக்குப் போன் போட்டு, உரைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமையும் பை ஒரு சுற்று வந்தது; இந்தத் தடவை ஒதிலியாவே அதைப் புதிதாக நிரப்பியிருந்தார். கறுப்பு யாரிடம் என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. எல்லாரையும் கையை விரிக்கச் சொன்னார்.

ஆறு கையிலும் கறுப்புதான் இருந்தது.