பக்கத்து இருக்கையின் பச்சைச் சட்டை

இவன் நம் ஆள் இல்லை. நம் கல்லூரிக் கால்பந்துப் பிள்ளைகள் புள்ளிக் கோட்டுக்கு இரண்டு கஜம் முன்னால் நிற்கிறார்கள், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இவன் வேகவைத்த வேர்க்கடலையை உரித்துத் தின்கிறான்.

வெர்னா தலையைத் திருப்பவில்லை. கண்ணோரத்தால் மட்டும் பார்த்தாள்.

பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி. செப்டம்பரிலிருந்து அதே சட்டைதான். ஆனாலும் கடையில் மடித்த மடிப்பு கலையவில்லை, ஒரு கடுகுச் சாஸ் கறைகூட இல்லை.

அவன் உட்கார்ந்திருந்தது ஹார்லனின் இருக்கை. கணவர் போன பிறகு இரண்டு இருக்கைகளையும் வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. ஒன்றை விட்டுக்கொடுத்தாள். முதல் ஆட்டத்தன்று இவன் வந்து உட்கார்ந்தான். பெயர் டெல்மர் என்றான். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "இங்கதான் மேடம், பக்கத்துல" என்றான்.

பக்கத்தில் என்றால், ஆற்றுக்கு எந்தப் பக்கம்?

இந்த வருடம் ஊர் முழுக்க அதே பேச்சு. அக்கரைக் கல்லூரியின் ஊதா அணிக்காரர்கள் நம் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு நம் கல்லூரியின் சீசன் டிக்கெட்டுகளை அள்ளுகிறார்களாம். எல்லாம் கடைசி ஆட்டத்துக்காக. அடுத்த சனிக்கிழமை ஊதா அணி இங்கே வருகிறது. அன்றைக்கு சீசன் முழுக்க வாங்கியவர்களுக்குத்தான் இடம்.

டிக்கெட் அலுவலகமும் கறாராகச் சொல்லிவிட்டது. இன்னார் ஊதா ஆள் என்று பக்கத்து இருக்கைக்காரர் உறுதியாகச் சொன்னால் போதும், அந்த டிக்கெட் ரத்து.

முதலில் கைதட்டலில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. எல்லோரும் தட்ட ஆரம்பித்த பிறகு தட்டுவான். யோசித்துத் தட்டுகிற கை. அப்புறம் பாட்டு. கல்லூரிப் பாட்டை வாத்தியக் குழு எடுத்தால் அவன் உதடு அசையும், தொண்டை அசையாது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மடியில் கிடந்த பச்சைப் போர்வைக்குள் கைகளை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் அடிக்கிற நாளில்கூட அந்தப் போர்வையை ஹார்லன்தான் அவள் கைகளை மூடி விரித்துவிடுவார். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

இடைவேளையில் டெல்மர் காபி வாங்கப் போனான். பின்வரிசை ரஸ்ஸல் உடனே அவள் தோளுக்கு மேல் குனிந்தான்.

"வெர்னா மேடம், அந்த ஆளு கையைக் கீறிப் பாருங்க, ரத்தம் ஊதாவா வரும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே ஆபீசுக்கு அனுப்பிடறேன்."

"உன் மாப்பிள்ளைக்கு அந்த சீட்டு வேணும்னு நேரா சொல்லேன்."

"அதுவுந்தான்" என்று இளித்தான் ரஸ்ஸல். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஹார்லன் இருந்திருந்தா, ஒரு ஊதாவைப் பக்கத்துல உக்கார விட்டிருப்பாரா?"

அவள் பதில் சொல்வதற்குள் டெல்மர் திரும்பி வந்துவிட்டான். வழிவிட்டவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

ஒலிபெருக்கி வெளியூர் ஆட்டங்களின் நிலவரத்தைச் சொன்னது. ஊதா அணி முன்னிலைக்கு வந்துவிட்டது.

அரங்கம் முழுக்க ஊளை. ரஸ்ஸல் எழுந்து நின்று திட்டினான். டெல்மரும் உதட்டைப் பிதுக்கினான், தலையை ஆட்டினான். எல்லாம் சரியாகத்தான் செய்தான்.

ஆனால் முழங்கால்மேல் இருந்த அவன் கட்டைவிரல் மூன்று முறை தட்டியது.

அக்கரையில் ஊதா அணி புள்ளி எடுத்தால் பெரிய முரசை மூன்று முறை அடிப்பார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு அது விரலிலேயே ஊறிப்போயிருக்கும். வாயை அடக்கலாம், விரலை அடக்க முடியாது.

"பாத்தீங்களா? பாத்தீங்கல்ல?" ரஸ்ஸலின் மூச்சு அவள் காதில் பட்டது.

பார்த்தாள். டெல்மரும் அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டான். முகம் வெளுத்துப்போய், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே இருந்தான்.

போர்வைக்குள் வெர்னாவின் கட்டைவிரலும் அப்போதுதான் மூன்றாவது தட்டை முடித்து ஓய்ந்திருந்தது. கல்யாணமாகி ஆற்றைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஹார்லனுக்குத் தெரியாது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

போர்வையின் ஒரு ஓரத்தை எடுத்து, பக்கத்து இருக்கைக்காரனின் கையை மூடி இழுத்துவிட்டாள்.

பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"நான் ஒண்ணும் பாக்கலை, ரஸ்ஸல். உக்காரு, ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது."