ஒரு சாண் தள்ளி

மூளைக்காய்ச்சல் தணிந்துவிட்டது, நாளை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். காலையிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை என்பதைத் தனவேல் அவரிடம் சொல்லவில்லை. படுத்தே கிடந்ததில் மரத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்த அவன் மனைவி செந்தாமரை கட்டிலருகே நின்றாள்.

"அசையாதீங்க, கால்ல கொசு. இந்தச் சனியனாலதான் இத்தனையும்."

அவள் கையை ஓங்கியதும் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பளாரென்று சத்தம் கேட்டது.

"ஆ! கொசுவ அடிடின்னா கால ஒடைக்கிறியே."

அவள் சிரிக்கவில்லை. அவன் கண்ணைத் திறந்தான். அவளுடைய வலது கை அவன் காலுக்கு ஒரு சாண் தள்ளி மெத்தையில் பதிந்திருந்தது. இடது கை அவன் கால் பெருவிரலை நகம் பதியக் கிள்ளிக்கொண்டிருந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.