அறுக்காத கயிறு

கப்பலூர் ஆலைகளின் இரைச்சலோடு உச்சி வெயிலும் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சுவரில் பேச்சிமுத்துவின் படம். அதே ஆணியில் ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது. இனிமேல் குடிக்க மாட்டேன் என்று முனியாண்டி கோயிலில் அவர் கையில் கட்டிக்கொண்டது. அதை அறுக்காமலே புருஷன் போய்ச் சேர்ந்தார் என்பதில் மலையம்மாளுக்குப் பெருமை உண்டு. குடிநோய் ஆய்வுக்காக வீடு வீடாக வருகிற இசைவாணியிடமும் முதலில் அதைத்தான் சொன்னாள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அதில் வரும் மருத்துவச் சொல்லுக்கு விளக்கம் வாசித்தாக வேண்டும் இசைவாணி. மடியிலிருக்கும் டேப்லெட்டின் திரையைப் பார்த்து வாசிக்கிறாள்: "விலகல் அறிகுறி. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வருவது. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். உடனே மருத்துவம் பார்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து." பூண்டு உரித்துக்கொண்டிருந்த மலையம்மாளின் விரல்கள் நிற்கின்றன. "இன்னொருக்கா வாசி தாயி." இசைவாணி மறுபடி வாசிக்கிறாள். நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கடக்க, படத்தின் கண்ணாடி அதிர்கிறது.

"கயிறு கட்டுன மூணாம் நாளு இப்படித்தேன் ஆடுனாரு. சொவத்துல யாரோ நிக்கிறாகன்னாரு. சாமி எறங்கியிருக்குன்னு துன்னூறு பூசி, கோயில்லயே உக்கார வச்சுட்டோம்." மலையம்மாள் பூண்டுத் தோலையே பார்க்கிறாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ புள்ளன்னு கும்பிட்டாரு. சாமி குத்தமாயிருமுன்னு நாந்தேன் கையப் பிடிச்சு அமுக்குனேன். விடியுறதுக்குள்ள உசுரு போயிருச்சு." இசைவாணியின் விரல் திரைக்கு மேலேயே நிற்கிறது. மலையம்மாள் எழுந்துபோய்க் கயிற்றை ஆணியிலிருந்து எடுக்கிறாள். இரண்டு கையாலும் இழுக்கிறாள். பல்லில் வைத்துக் கடிக்கிறாள். கயிறு அறுவதாக இல்லை.