பழைய பெட்டியே போதும்

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்தப் புதுப் பெட்டி வேண்டாம். பழசையே மாட்டிக் குடுத்துடுங்க."

நிர்வாகி அம்மாள் இப்படிச் சொன்னதும், பாராட்டு வாங்கலாம் என்று வந்த இன்ஜினியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரெதிரே இரண்டு அறைகள், அறைக்கு ஒரு திரை, ஒரு மைக். இங்கே பேசுவதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அதை வேகப்படுத்த மாதக்கணக்கில் ஆபீசிலேயே பழியாய்க் கிடந்தார். அம்மாள் 'திருப்தி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தலைமை இன்ஜினியர் பதவி அவருக்கு. சொல்லாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரருக்கு.

"பேச்சு நிக்குதா மேடம்? படம் உடையுதா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. பளிச்சுன்னு இருக்கு."

"பின்னே? உள்ளே கம்ப்யூட்டர் மூளை நாலு இருக்கு மேடம். முன்னாடி ஒண்ணு மட்டும் மாங்கு மாங்குன்னு உழைக்கும், மத்த மூணும் வேடிக்கை பார்க்கும். இப்ப நாலும் பங்கு போட்டுக்குது. வர்ற பேச்சை அங்கங்க நகல் எடுத்து வச்சுக்கிட்டு இருந்துச்சு, அதையும் நிறுத்திட்டேன். நீங்க வாயை மூடறதுக்குள்ள அந்த ரூம்ல கேட்டுடும்!"

"அதுதான் தம்பி பிரச்சினையே."

அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "வேகம் வேண்டாம்னு சொல்ற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

"இது சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து வைக்கிற இடம். நேர்ல உட்கார வச்சா அடிச்சுக்கறாங்கன்னுதான் ஆளுக்கொரு ரூம். பழைய பெட்டியில, சுருக்குன்னு ஒண்ணு சொல்லிட்டு பதிலுக்குக் காத்திருப்பாங்க. அது வந்து சேர்றதுக்குள்ள, 'சே, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது'ன்னு அவங்களே இறங்கி வந்துடுவாங்க. இப்ப பட் பட்டுன்னு பதில் வருது. இந்த வாரம் ஒரு ஜோடிகூடச் சேர்ந்து வீட்டுக்குப் போகலை."

"பொறுமை இல்லாதவங்களுக்கு என் பெட்டி என்ன மேடம் செய்யும்? நீங்க திருப்தின்னு எங்க ஆபீசுக்குச் சொல்லிடுங்க." இன்ஜினியர் விடாப்பிடியாக நின்றார்.

அம்மாள் பெருமூச்சு விட்டார். "சரி, உங்க இஷ்டம். அப்ப நாளைக்கு நீங்களும் புதுப் பெட்டியிலேயே பேசிடுங்க."

"நானா?"

"உங்க மனைவி காலையில வந்து பேர் குடுத்துட்டுப் போனாங்க. உங்களைக் கூப்பிட்டுச் சொல்லணும்னு இருந்தேன்."

அவருக்கு மனைவியின் வாயும் தெரியும், தன் வாயும் தெரியும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"பழைய பெட்டி எங்க மேடம்? அதை இன்னும் கொஞ்சம் மெதுவாக்க முடியுமான்னு பார்க்கறேன்."